சந்தா கட்டிய பாட்டு சின்ன பிளேயரில் ஏன் ஏறாது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். அப்பாவுக்கு 72 வயது. காலையில் நடக்கப் போகும்போது பழைய பாட்டு கேட்க ஆசை, ஆனால் போனைத் தூக்கிக்கொண்டு நடக்க விருப்பமில்லை. அதனால் தீப்பெட்டி அளவில் ஒரு எம்பி3 பிளேயர் வாங்கினீர்கள். மாதச் சந்தா கட்டுகிற ஆப்பில் உட்கார்ந்து 300 பாடல்களைத் தேடித்தேடி டவுன்லோடு செய்தீர்கள். பிறகு போனைக் கம்ப்யூட்டரில் செருகி, பாட்டு இருக்கும் போல்டரைத் தேடினால் எங்கேயும் இல்லை. "காசு கட்டித்தானே டவுன்லோடு செய்தேன், அதை ஏன் என் பிளேயரில் போட முடியவில்லை? வேறு என்ன வழி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியான பதில்: அந்தப் பாடல்களை அதில் போட முடியாது. நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. அந்த ஆப்பில் இருக்கும் 'டவுன்லோடு' பொத்தானுக்கு, கம்ப்யூட்டரில் நாம் பழகிய பொருள் கிடையாது. நெட் இல்லாத இடத்திலும் அதே ஆப் அந்தப் பாட்டைப் பாடுவதற்காக ஒரு பிரதியைப் போனுக்குள் பூட்டி வைக்கிறது, அவ்வளவுதான். சாவி ஆப்பிடம் இருக்கிறது. நீங்கள் மாதாமாதம் கட்டுவது வாடகை. வாடகை வீட்டில் எத்தனை வருஷம் இருந்தாலும் கதவைக் கழற்றி எடுத்துப் போக முடியாதல்லவா, அந்த மாதிரி.

போனுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனக்கென்று ஓர் இடம் உண்டு, மற்ற ஆப்புகள் அங்கே எட்டிப் பார்க்க முடியாது. ஸ்பாட்டிஃபை போன்ற ஆப், பாட்டை அங்கே வைக்கும்போது படப் பெயரும் பாட்டுப் பெயரும் போட்ட எம்பி3 கோப்பாக வைப்பதில்லை. மறையாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு பெயரில் வைக்கிறது. அதை எப்படியோ எடுத்து உங்கள் பிளேயரில் போட்டாலும் அதற்கு ஒன்றும் புரியாது. பாட வேண்டுமானால் சாவி வேண்டும். சாவியைப் பயன்படுத்தும் முன் இந்தக் கணக்குக்குச் சந்தா இன்னும் இருக்கிறதா என்று ஆப் பார்க்கும். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு தடவையாவது நெட்டில் இணைந்தாக வேண்டும், இல்லாவிட்டால் டவுன்லோடு செய்த பாடல்கள் போய்விடும். ஒரு கருவிக்கு 10,000 பாட்டு, அதிகபட்சம் 5 கருவிகள் என்ற வரம்பும் இருக்கிறது. ஆப்பிள் மியூசிக்கிலும் அடிப்படை இதுதான்.

இப்போது உங்கள் அப்பாவின் பிளேயரைப் பாருங்கள். அதற்கு நெட் தெரியாது, கணக்கு தெரியாது, இன்றைக்கு என்ன தேதி என்றுகூடத் தெரியாது. கோப்பை எடு, பிரி, ஒலியாக்கி இயர்போனுக்கு அனுப்பு, இந்த மூன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை. வாடகைக்கு வந்த பாட்டை நம்பி ஒப்படைக்க அதில் வசதியே இல்லை. ஆனால் இந்தக் குறையால்தான் அது உங்கள் அப்பாவுக்குப் பொருத்தமான பொருளாகவும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததில்லை. சந்தாவுக்கும் கையடக்கப் பிளேயருக்கும் நடந்த இழுபறி, கிட்டத்தட்ட பிளேயர் பிறந்த நாளிலிருந்தே உண்டு. அந்தக் கதை தெரிந்தால் எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1998-இல் அமெரிக்காவில் டயமண்ட் மல்டிமீடியா என்ற நிறுவனம் ரியோ பிஎம்பி300 என்ற பிளேயரைக் கொண்டுவந்தது. நினைவகம் 32 எம்பி. 128 கேபிபிஎஸ் தரத்தில் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் பாட்டுப் பிடிக்கும். அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தே இசை நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999 ஜூனில் பிளேயர் பக்கம் தீர்ப்பு சொன்னது. தன் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் பாட்டை, எடுத்துச் செல்ல வசதியாக இன்னோர் இடத்துக்கு மாற்றிக்கொள்வது சொந்த உபயோகம்தான் என்பது அதன் சாரம். உங்கள் அப்பாவின் பிளேயர், கொடுத்த கோப்பை ஒரு கேள்வியும் கேட்காமல் பாடுகிறதே, அந்த வழக்கம் நிலைத்ததில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

2001-இன் கடைசி மூன்று மாதங்களுக்குள் இரண்டு பாதையும் பிறந்துவிட்டன. அக்டோபர் 23-ஆம் தேதி ஆப்பிள் ஐபாடை அறிமுகம் செய்தது: 5 ஜிபி ஹார்டு டிஸ்க், 399 டாலர், ஆயிரம் பாட்டு. டிசம்பரில் ராப்ஸடி என்ற சேவை, மாதம் ஒரு தொகை கட்டினால் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வந்தது. அதே மாதம் பெரிய இசை நிறுவனங்கள் சேர்ந்து பிரஸ்பிளே, மியூசிக்நெட் என்று இரண்டு சந்தா சேவைகளைத் தொடங்கின. மியூசிக்நெட்டில் டவுன்லோடு செய்த பாட்டுக்குக் காலாவதித் தேதி இருந்தது, பிளேயரில் ஏற்றவும் விடவில்லை. கேட்பவர்களுக்கு எது வேண்டுமோ அதைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருந்தது. அந்த இரண்டும் ஓடவில்லை.

2003 ஏப்ரல் 28-ஆம் தேதி ஆப்பிள் ஐடியூன்ஸ் மியூசிக் ஸ்டோரைத் திறந்தது. 2 லட்சம் பாட்டு, ஒரு பாட்டு 99 சென்ட். மக்கள் பாட்டைச் சொந்தமாக வைத்துக்கொள்ளத்தான் விரும்புகிறார்கள், சந்தா எடுபடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அப்போது அடித்துச் சொன்னார். ஆனால் அந்த 99 சென்ட் பாட்டிலும் ஃபேர்பிளே என்ற பூட்டு இருந்தது. ஐபாடில் பாடும், வேறு நிறுவனப் பிளேயரில் பாடாது.

ஐபாடுக்கு எதிராக வந்த பெரிய முயற்சிதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. மைக்ரோசாஃப்ட் 2004-இல் 'பிளேஸ் ஃபார் ஷ்யூர்' என்று ஒரு முத்திரையைக் கொண்டுவந்தது. பெட்டியில் அந்த முத்திரை இருந்தால், அதே முத்திரை உள்ள கடையில் வாங்கிய பாட்டு அதில் கட்டாயம் பாடும் என்பது உறுதிமொழி. கிரியேட்டிவ், ஐரிவர், டெல், சாம்சங் என்று பலரும் அதில் சேர்ந்தார்கள். அதை நம்பி 2005 பிப்ரவரியில் நாப்ஸ்டர் டு கோ என்ற சந்தா சேவை வந்தது. மாதம் 15 டாலர் கட்டு, எத்தனை பாட்டு வேண்டுமானாலும் எடு, பிளேயரில் ஏற்றிக்கொண்டு கிளம்பு. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே விளம்பரமே போட்டார்கள்: ஐபாடை நிரப்ப 10,000 டாலர், எங்களுக்கு 15 டாலர், கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று. மே மாதம் யாஹூவும் இன்னும் குறைந்த விலையில் இறங்கியது.

அந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். பத்தாயிரம் பாட்டு ஒவ்வொன்றும் 99 சென்ட் என்றால் 9,900 டாலர், அது சரி. ஆனால் யாரும் ஐபாடை அப்படி நிரப்பவில்லை. வீட்டில் இருந்த சிடிகளை ரிப் செய்துதான், அதாவது சிடியில் உள்ள பாட்டைக் கம்ப்யூட்டரில் கோப்பாக மாற்றித்தான் நிரப்பினார்கள். இன்னொரு பக்கம், மாதம் 15 டாலர் என்றால் வருஷம் 180, பத்து வருஷத்தில் 1,800. பத்தாவது வருஷக் கடைசியில் சந்தாவை நிறுத்தினால் கையில் ஒரு பாட்டும் மிஞ்சாது. புதுப்புது இசையைத் தேடிக்கொண்டே இருப்பவருக்கு அந்த 15 டாலர் மிக மலிவு. ஒரே நூறு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு அது நஷ்டம். உங்கள் வீட்டில் நீங்கள் முதல் வகை, அப்பா இரண்டாம் வகை என்று நினைக்கிறேன்.

சரி, நெட் இல்லாத அந்தக் காலத்துப் பிளேயரில் வாடகைப் பாட்டை எப்படி ஓட விட்டார்கள்? இதற்காகவே மைக்ரோசாஃப்ட் செய்த பூட்டுக்கு உள்வட்டப் பெயர் ஜேனஸ். பாட்டுக் கோப்பு தனி, உரிமம் தனி. உரிமத்துக்குள் சாவியும் 'இன்ன தேதி வரை' என்ற கெடுவும் இருக்கும். தேதி தெரிய வேண்டுமே, அதனால் பிளேயருக்குள் ஒரு கடிகாரம் வைத்தார்கள். பயன்படுத்துபவர் திருத்த முடியாத கடிகாரம். மாதம் ஒருமுறையாவது பிளேயரைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். சந்தா இருக்கிறது என்று உறுதியானதும் உரிமம் புதுப்பிக்கப்படும். மறந்துவிட்டால் பாட்டு கோப்பாக உள்ளே இருக்கும், ஆனால் பாடாது. பேட்டரி அடியோடு தீர்ந்து கடிகாரம் நின்றுபோனாலும் அதே கதி, மறுபடி கம்ப்யூட்டரைத் தேடி ஓட வேண்டும். கோப்பை இழுத்துப் போடுகிற சாதாரண முறையிலும் இது நடக்காது. எம்டிபி என்ற தனி முறையில் இணைத்து, அதற்குரிய மென்பொருள் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். பழைய பிளேயர்களின் செட்டிங்கில் 'எம்எஸ்சி', 'எம்டிபி' என்று இரண்டு வகை இணைப்பு இருந்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். முதல் வகையில் பிளேயர் வெறும் பென் டிரைவ் மாதிரி, இரண்டாவது வகையில்தான் உரிமமும் சேர்ந்து போகும்.

2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தானே ஸூன் என்ற பிளேயரை விற்க வந்தது. அதில் நடந்ததை அந்த முத்திரையை நம்பிப் பாட்டு வாங்கியவர்கள் மறக்க மாட்டார்கள். 'கட்டாயம் பாடும்' என்று முத்திரை குத்திய அதே நிறுவனத்தின் புதிய பிளேயரில், அந்த முத்திரைப் பாட்டுகள் பாடவில்லை. ஸூனுக்குத் தனிக் கடை, தனிப் பூட்டு, மாதம் 14.99 டாலருக்குத் தனிச் சந்தா.

ஸூனில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடும் இருந்தது. 2008 நவம்பரிலிருந்து சந்தாதாரர்கள் மாதம் 10 பாட்டைச் சொந்தமாகவே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வாடகையும் உண்டு, கொஞ்சம் சொத்தும் சேரும். இன்றைய பெரிய ஆப்புகளில் அப்படி ஒன்று வந்தால் நான் முதல் ஆளாகச் சேருவேன்.

அதே வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி 30 ஜிபி ஸூன்கள் ஒரே நாளில் உறைந்து நின்றன. காரணம் கடிகாரம். 2008 லீப் வருஷம், அன்று வருஷத்தின் 366-ஆவது நாள். நாள் எண்ணிக்கையிலிருந்து வருஷத்தைக் கண்டுபிடிக்கும் நிரல் இப்படிப் போகும்: நாள் 365-ஐவிட அதிகமா? அதிகம்தான். லீப் வருஷமா? ஆமாம். அப்படியானால் 366-ஐவிட அதிகமா? இல்லை, சரியாக 366. அந்த 'இல்லை'க்கு என்ன செய்வது என்று எழுதவில்லை. அதனால் மறுபடி முதல் கேள்வி, மறுபடி அதே பதில், விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பேட்டரியைத் தீர விட்டு, மறுநாள் கிரீன்விச் நேரம் நண்பகலுக்குப் பிறகு போட்டால் சரியாகும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. சந்தா உள்ளவர்கள் பாட்டின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கம்ப்யூட்டரில் செருக வேண்டியிருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னது.

பூட்டுப் போட்ட பாட்டை 'வாங்கியவர்கள்' நிலை இன்னும் மோசம். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் 2006-இல் விற்பனையை நிறுத்தியது. 2008 ஏப்ரலில், உரிமம் தரும் சர்வரையும் அந்த ஆகஸ்டோடு நிறுத்துகிறோம் என்றது. அதாவது கம்ப்யூட்டரை மாற்றினால் காசு கொடுத்து வாங்கிய பாட்டும் பாடாது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2011 வரை நீட்டித்தார்கள். யாஹூவும் அதே வருஷம் கடையை மூடி, வாங்கியவர்களுக்கு ஈடு கொடுத்தது.

இதற்கெல்லாம் நடுவே 2007 பிப்ரவரியில் ஜாப்ஸ் ஒரு திறந்த கடிதம் எழுதினார், விற்கும் பாட்டுக்குப் பூட்டே வேண்டாம் என்று. ஏப்ரலில் இஎம்ஐ என்ற பெரிய இசை நிறுவனம் ஒத்துக்கொண்டது. செப்டம்பரில் அமேசான் பூட்டில்லாத எம்பி3 கடையைத் திறந்தது. 2009 ஜனவரியில் ஐடியூன்ஸ் பாடல்கள் எல்லாவற்றிலிருந்தும் பூட்டை எடுக்கப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. அன்றிலிருந்து இருக்கும் பிரிவினைதான் இன்றும் இருக்கிறது: விலைக்கு வாங்கினால் பூட்டு இல்லை, சந்தாவுக்கு எடுத்தால் பூட்டு உண்டு. 2015 ஜூன் 30-ஆம் தேதி ஆப்பிளே சந்தா சேவை தொடங்கியபோது, அதன் பாடல்களைத் தன் சொந்த ஐபாட் நானோவிலும் ஷஃபிளிலும்கூட ஏற்ற விடவில்லை. அவற்றுக்கும் நெட் தெரியாது, அப்பாவின் பிளேயரைப் போல. 2017-இல் அந்த இரண்டையும் நிறுத்தினார்கள். கடைசி ஐபாடான ஐபாட் டச் 2022 மே மாதத்தோடு முடிந்தது.

நம் ஊர்க் கதையும் கொஞ்சம். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. இரண்டே மாதத்தில் சரிகம நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, சரிகம பாடல்கள் அதிலிருந்து எடுக்கப்பட்டன. பழைய எச்எம்வி இசைத்தட்டுகளின் உரிமை சரிகமவிடம் இருக்கிறது. அதனால் ஐம்பது, அறுபதுகளின் தமிழ்ப் பாட்டைத் தேடியவர்களுக்குப் பெரிய பள்ளம். 2020-இல் ஒப்பந்தம் ஆனது, பாடல்கள் திரும்பின. இடைப்பட்ட ஒரு வருஷம் சந்தா கட்டியவர் கட்டிக்கொண்டேதான் இருந்தார். ரெஸ்ஸோ என்ற பாட்டு ஆப் 2024 ஜனவரியோடு இந்தியாவில் மூடப்பட்டது. அதே வருஷம் விங்க் மியூசிக் என்ற ஆப்பும் போனது. அவற்றில் வருஷக்கணக்கில் சேர்த்த பட்டியல்களை எத்தனையோ பேர் வேறு ஆப்பில் மறுபடி உட்கார்ந்து சேர்க்க வேண்டியதாயிற்று. என் சித்தி அப்படி ஒருவர். நோட்டில் எழுதி வைத்து ஒவ்வொன்றாகத் தேடினார், அதில் ஏழெட்டுப் பாட்டு புதிய ஆப்பில் இல்லவே இல்லை.

நான் சந்தாவுக்கு எதிரி இல்லை. நானும் மாதாமாதம் கட்டுகிறேன். ஒரு ராகத்தைப் பத்துப் பேர் எப்படிப் பாடியிருக்கிறார்கள் என்று ஒரே மாலையில் கேட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இது இல்லாமல் இருக்க முடியாது என்று நினைக்கும் பாட்டைக் கோப்பாகக் கையில் வைத்துக்கொள்கிறேன். 2009-இல் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 2 ஜிபி பிளேயர் ஒன்று இன்னும் என் மேசையில் இருக்கிறது. ஒற்றைப் பென்சில் பேட்டரியில் ஓடும். மூலையில் பெயின்ட் உரிந்து, மற்ற பொத்தான்களைப் பூட்டி வைக்கும் ஹோல்ட் பொத்தான் தேய்ந்துவிட்டது. போன மாதம் புது பேட்டரி போட்டேன். பதினைந்து வருஷத்துக்கு முன் ஏற்றிய பாட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. சந்தாவோ தேதியோ கேட்கவில்லை. அப்பாவுக்குப் பொருத்தம் என்று முன்னால் சொன்னது இதைத்தான்.

அப்பாவுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் வீட்டைத் தேடுங்கள். அலமாரியில் பழைய சிடி இருந்தால் அதுதான் பொக்கிஷம். நம் ஊரில் ஒரே தட்டில் ஐம்பது, நூறு பாட்டு வரும் எம்பி3 சிடிகளை இசை நிறுவனங்களே விற்றன. அதை அப்படியே காப்பி செய்தால் போதும், ஒரு வேலையும் இல்லை. ஆடியோ சிடியாக இருந்தால் ரிப் செய்ய வேண்டும். லேப்டாப்பில் டிரைவ் இல்லாவிட்டால் யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. கேசட்தான் இருக்கிறது என்றால் டேப் ரிக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் போட்டு, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடமும் உட்கார்ந்தே ஆக வேண்டும். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பாட்டு வேண்டும் வேண்டாம் என்று அவரே சொல்வார்.

கையில் இல்லாததை வாங்கலாம். ஐடியூன்ஸ் ஸ்டோர் 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அங்கே வாங்கும் பாட்டில் பூட்டு கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது எம்பி3 இல்லை, ஏஏசி வகைக் கோப்பு. மலிவான பிளேயர்கள் பல அதைப் பாடாது. ஐடியூன்ஸ் மென்பொருளிலேயே எம்பி3-ஆக மாற்றும் வசதி இருக்கிறது. சுயேச்சைக் கலைஞர்களின் பாட்டு வேண்டுமென்றால் பேண்ட்கேம்ப் தளத்தில் கோப்பாகவே கிடைக்கும்.

சந்தாப் பாட்டின் பூட்டை உடைத்துத் தருகிறோம், யூடியூபிலிருந்து எம்பி3 எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். கூடவே எதை உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கும் என்று சொல்ல முடியாது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பது குற்றம் என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65ஏ என்ற பிரிவும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

நீங்கள் ஆப்பில் சேர்த்த அந்த 300 பாட்டே வேண்டும் என்றால், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்றை எடுங்கள். சிம் வேண்டாம். மற்ற ஆப்புகளை நீக்கிவிட்டு இதை மட்டும் வைத்து, வீட்டு வைஃபையில் டவுன்லோடு செய்து கொடுங்கள். ராத்திரி சார்ஜில் போடும்போது வைஃபையிலும் இருந்தால் அந்த 30 நாள் கெடு தானாகத் தீர்ந்துவிடும். சோனி வாக்மேனில் ஆண்ட்ராய்டில் ஓடும் வகைகள் உண்டு, அவற்றிலும் இதே ஆப்புகளைப் போடலாம். ஒலி அருமையாக இருக்கும், ஆனால் விலை அதிகம், தொடுதிரையும்கூட. போனே வேண்டாம் என்பவருக்கு அது பிடிக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நடக்கும்போது வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்றால் சரிகமவின் கார்வான் இருக்கிறது. 2017-இல் 5,000 இந்திப் பாடல்களை உள்ளேயே வைத்து விற்பனைக்கு வந்தது, பிறகு தமிழிலும் வந்தது. திருகினால் பாடும். ரேடியோ மாதிரி இருப்பதால் பெரியவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இருக்கும் பிளேயரிலேயே ஏற்றுவதாக இருந்தால் இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிடம்தான் அடங்கும், பழைய சினிமாப் பாட்டுகளின் நீளமும் பெரும்பாலும் அதையொட்டியே இருக்கும். 192 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு பாட்டுக்கு 5 எம்பி, 300 பாட்டுக்கு 1.5 ஜிபி. அந்தக் காலத்து மோனோ பதிவுக்கு இந்தத் தரமே தாராளம், 320-இல் ஏற்றிப் பயன் இல்லை. மெமரி கார்டு போடுவதாக இருந்தால் 32 ஜிபிக்கு மேல் போகாதீர்கள், ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பெரிய கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வரும், மலிவுப் பிளேயர்கள் பலவற்றுக்கு அது படிக்கத் தெரியாது.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் இந்தச் சின்னத் திரைகளில் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் ஆங்கில எழுத்தில் வையுங்கள், முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள். பல பிளேயர்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, எந்த வரிசையில் காப்பி செய்தோமோ அந்த வரிசையில்தான் பாடும். மொத்தமாக இழுத்துப் போட்டால் வரிசை கலைந்துவிடும். கார்டில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு, போல்டர் போல்டராக, வேண்டிய வரிசையிலேயே காப்பி செய்யுங்கள். வரிசையைக் கலைத்துப் பாடும் 'ஷஃபிள்' இருந்தால் அணைத்துவிடுங்கள். முதல் போல்டரில் அப்பாவுக்கு உயிரான இருபது பாட்டை மட்டும் போடுங்கள். காலையில் ஆன் செய்ததும் அதுதான் வர வேண்டும்.

அப்புறம் ஹோல்ட் பொத்தானைக் காட்டிக் கொடுங்கள். சட்டைப் பையில் போட்டதும் ஏதோ ஒரு பொத்தான் அமுங்கி, பாதிப் பாட்டில் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். "இது சரியில்லை" என்று அப்பா மறுநாளே அதை மேசையில் வைத்துவிடுவார். தெருவில் நடக்கும்போது ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்க வேண்டும்.